பிணத்தை முதலில் பார்த்தவன்

எங்கள் வெல்பி கிராமத்தில் ஹேமோவைப் பத்துப் பேருக்குத் தலைவனாக்கியது அவன் கெட்டிக்காரன் என்பதற்காக அல்ல. வேண்டாம் என்று சொல்லி மல்லுக்கட்ட அவனுக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான். எட்வர்டு அரசரின் சட்டப்படி, ஆண்களைப் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்திருந்தார்கள்; அதில் ஒருவன் குற்றம் செய்துவிட்டு ஓடினால் மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும், தலைவன் முதலில். எங்கள் பத்தில் ஒருவனான வாட் குடிபோதையில் யாரோ ஒருவனின் மண்டையை உடைத்துவிட்டு ஓடிப்போனபோது, மழையில் நனைந்துகொண்டு கோர்ட்டுக்கு நடந்தவன் ஹேமோதான். நானும் அந்தப் பத்தில் ஒருவன். நான் போகவில்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு காலை, விலாங்கு பிடிக்கும் கூடையை எடுக்க அவன் ஆற்றுக்குப் போனான். மனைவி சபினாவும் உடன் போனாள். எங்கள் கரை வில்லோ மரத்தின் வேரில் ஒரு பிணம் சிக்கியிருந்தது. ஊசி, ரிப்பன் விற்க வரும் ஜெர்வாஸ். எதிர்க்கரைச் சேற்றில் அவனை இழுத்து வந்து தண்ணீரில் தள்ளிய தடம் பளிச்சென்று தெரிந்தது. அக்கரை ஊர்க்காரர்கள் தங்கள் தலைவலியை எங்கள் பக்கம் தள்ளிவிட்டிருந்தார்கள்.

"திருப்பித் தள்ளிவிடுய்யா," என்றாள் சபினா. "முதல்ல பாத்தவன் நீன்னு தெரிஞ்சா, ஜாமீனுக்கு ரெண்டு பேரைப் பிடிக்கணும். ஜட்ஜுங்க எப்ப வந்தாலும் போய் நிக்கணும். உனக்கு வேற வேலையே இல்லையா?"

ஹேமோ கம்பை எடுத்துத் தள்ளினான். பிணம் ஒரு சுற்றுச் சுற்றி, அவன் காலடிக்கே திரும்பி வந்தது.

"இன்னொரு தடவை தள்ளு."

"நான் தள்ளுவேன், நாளைக்கு அவங்க தள்ளுவாங்க. எத்தனை நாளைக்குடி தள்றது? இவன் பாவம் இல்லையா?"

கம்பைப் போட்டுவிட்டு, பிணத்தைக் கண்டவன் ஊரைக் கூட்டச் சட்டம் சொல்லும் கூக்குரலை எழுப்பினான். ஊரே திட்டிக்கொண்டு எழுந்து வந்தது.

பிண விசாரணைக்காரர் வரும்வரை பிணத்தை அசைக்கக் கூடாது. வாட் போக மீதி ஒன்பது பேரும் முறைபோட்டுக் காவலிருந்தோம். யாருக்காவது இருமல் வந்தால் அந்த முறையையும் ஹேமோவே பார்த்தான். அவர் வந்ததும் ஹேமோவின் ஜாமீனுக்கு நான் நின்றேன், சபினாவின் தம்பி ரெஜினால்டும் நின்றான். "அக்காவைக் குடுத்தது பத்தாதா மாமா, இப்ப நானும் வேணுமா?" என்று கேட்டபடிதான் நின்றான்.

நீதிபதிகள் லிங்கன் நகரத்துக்கு வருவதற்குள் வருஷங்கள் ஓடி, ரெஜினால்டே செத்துப்போனான். ஹேமோவுக்குக் கால் வீங்கியிருந்தது. அவனைத் தாங்கிப் பிடித்து அழைத்துப் போனேன். நாள்கணக்கில் காத்திருந்த பிறகு கூப்பிட்டார்கள்.

"முதலில் பார்த்தது நீதானா?"

"ஆமாங்க."

"சரி, போ."

சுற்றுவட்டாரத்திலிருந்து சத்தியம் செய்து நின்ற பன்னிரண்டு பேர், ஜெர்வாஸ் குடித்துவிட்டு விழுந்து செத்தான் என்றும், பிணத்தை நகர்த்தியது அக்கரை ஊர் என்றும் சொன்னார்கள். அந்த ஊருக்கு அபராதம் விழுந்தது. எங்களுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

திரும்பும் வழியில் அக்கரைத் தலைவன் ஓடோ எங்களோடு சேர்ந்துகொண்டான். அவனும் நொண்டிக்கொண்டுதான் வந்தான்.

"நீயும் தள்ளியிருக்கலாம்லப்பா," என்றான்.

"தள்ளிப் பாத்தேன்," என்றான் ஹேமோ. "கை வலிச்சுது."

ஓடோ தன் பார்லி ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினான். ஹேமோ நடந்தபடியே வாங்கிக்கொண்டான். ஊருக்கு இன்னும் பாதி வழி இருந்தது.