பேனட் மேல் வந்த மீன் குழம்பு

பிள்ளைகளா, போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் வயிறு கெட்டுப் படுத்திருந்தபோது, மருந்துக் கடையில் வாங்கிய உப்பு சர்க்கரைப் பொடியைக் கரைத்தேன் அல்லவா? அந்த ஆரஞ்சு வாசனை எழுந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாங்க சாவக் கெடக்குறோம், அப்பா சிரிக்குது" என்று சின்னவள் கோபித்துக்கொண்டாள். சிரித்தது உன்னைப் பார்த்து இல்லை கண்ணு. சேகர் மாமாவை நினைத்து.

எனக்குக் கல்யாணம் ஆகாத காலம். சிதம்பரத்தில் ஒரு பெயிண்ட் கடையில் நானும் சேகரும் வேலை பார்த்தோம். ஒரே அறையில் தங்கியிருந்தோம். அவனுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மல்லிகா அத்தை கடலூர் ஓ.டி.யில், அதுதான் பழைய டவுனில், மாமியாரோடு இருந்தார். பிறந்தது பெண்ணாடம். கரும்புக் காட்டுக்கு நடுவில் வளர்ந்தவருக்கு ஏரிக் கெண்டை தெரியும், கடல் மீன் தெரியாது. "கரும்பு கடிச்ச வாய்க்குக் கவுச்சி எங்க தெரியப் போவுது" என்று மாமியார் குத்திக்கொண்டே இருப்பாராம். அந்த ரோஷத்தில் தானாகக் கற்றுக்கொண்டு, முதன்முதலாகத் தனியாக வைத்த கானாங்கெளுத்திக் குழம்பைப் புருஷனுக்கு அனுப்பினார்.

அனுப்புவது என்றால் அப்போது பஸ்தான். கடலூரில் டிரைவரிடம் தூக்குச் சட்டியைக் கொடுத்துவிட்டு, எங்கள் கடைக்குப் போன் போட்டு பஸ் பெயரைச் சொன்னால் போதும். டிக்கெட் கிடையாது. மருந்து, ஜாதகம், மல்லிகைப்பூ, ஒரு தடவை கோழிக்குஞ்சுகூட வந்தது. எல்லாம் டிரைவருக்குப் பக்கத்தில் இஞ்சினை மூடியிருக்கும் பேனட் மேல் உட்கார்ந்து வரும். பூவில் டீசல் மணக்கும், டீசலில் பூ மணக்கும்.

காலையில் வைத்த குழம்பு. பஸ் கிடைத்து வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. சேகர் தூக்கைத் தடவிப் பார்த்தான். "பார்ரா மச்சான், இப்பதான் எறக்குன மாதிரி சூடா அனுப்பியிருக்கா" என்று பூரித்துப் போனான். இஞ்சின் சூட்டைப் பெண்டாட்டியின் பாசம் என்று நினைத்துவிட்டான், பாவம். அப்புறம் எதற்குக் கொதிக்க வைக்கப் போகிறான்? எனக்கு அன்று முதலாளி வீட்டில் சாப்பாடு. என் பங்கையும் சேர்த்து அவனே அடித்தான்.

சாயங்காலமே வாந்தியும் பேதியும் பிடித்துக்கொண்டது. தண்ணீர் கொடுத்தால் தள்ளிவிட்டான். குடித்தால் மறுபடியும் போகுமாம், வயிறு காய வேண்டுமாம். காலையில் பார்த்தால் உதடு வெடித்துக் கண் உள்ளே போயிருந்தது, சிறுநீரே இறங்கவில்லை. ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே, குழம்பு வந்த வழியைக் கேட்டார்.

"கொதிக்கக் கொதிக்க இருந்தா கெடாது, ஐஸ்ல இருந்தா சீக்கிரத்துல கெடாது. இந்த ரெண்டுங்கெட்டான் சூட்டுலதான் கிருமி குடும்பம் நடத்தும்" என்றார். போகிற தண்ணீருக்கு ஈடாக உள்ளே தண்ணீர் போயே ஆகவேண்டும் என்று அந்த ஆரஞ்சுப் பொடியை எழுதிக் கொடுத்தார். மடக்மடக்கென்று குடிக்காமல் கரண்டி கரண்டியாக. வாந்தி வந்தால் கொஞ்சம் பொறுத்து மறுபடியும்.

சேகர் என் கையைப் பிடித்துக்கொண்டான். "மல்லிகா காதுக்குப் போவக் கூடாதுடா. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டும். அப்புறம் அவ மீன் சட்டியவே தொட மாட்டா."

அறைக்குத் திரும்பிக் கஞ்சித் தண்ணியில் கிடந்தான். நான் கடைக்குப் போன நேரம் பார்த்துப் போன் வந்தது.

"அண்ணே, கொழம்பு எப்டி இருந்துச்சாம்?"

"சட்டிய வழிச்சுட்டாம்மா."

"அவுரு எங்க?"

"வெளிய போயிருக்கான்."

அதில் பொய்யே இல்லை, போய்க்கொண்டேதான் இருந்தான். இனிமேல் பேனட் வேண்டாம், டீசல் நாற்றம் பிடிக்கிறது, வைத்த சூட்டோடு முதல் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடும்மா என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

அத்தைக்கு இன்றுவரை தெரியாது. நீங்களும் உளறாதீர்கள். அந்த மாமியாரே பிற்காலத்தில் மருமகள் கைக்குழம்புதான் வேண்டும் என்று கேட்டுச் சாப்பிட்டார். அவர் போய்விட்டார். பெயிண்ட் கடையும் அதன் போனும் போயின. இப்போது எந்த டிரைவரும் யார் வீட்டுத் தூக்கையும் வாங்குவதில்லை. ஊருக்கு ஊர் குழம்பு பயணம் போவதும் நின்றுவிட்டது.

அந்தக் காய்ச்சலுக்கெல்லாம் பிறகு, அடுத்த தூக்கு வந்த அன்று சேகருக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் போகவே கால் வரவில்லை. நான்தான் போய் வாங்கிவந்தேன். சேகர் கடையில் இருந்தான், அறையில் யாரும் இல்லை. ஸ்டவ்வைப் பற்றவைத்துத் தளதளவென்று கொதிக்க விட்டேன். அப்புறம் அவன் வருவதற்கு முன்னால், ஒரு கரண்டி சோற்றில் ஊற்றி நானே முதலில் சாப்பிட்டேன்.