அப்பாவின் பாட்டுக்காரன்

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல் முழுவதையும் அப்பா ஒரே ஒரு தாளை நிரப்புவதில் தீர்த்தார். எனக்கு அப்போது பதினோரு வயது. சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த என் தாய்மாமா மறுநாள் வெளிநாடு கிளம்புகிறார். அவர் கொண்டுவந்த கதை விளையாட்டை ஆட அந்த ஒரு நாள்தான் இருந்தது.

ஆளுக்கொரு தாள். போர்வீரன், மந்திரவாதி, வைத்தியர், பாட்டுக்காரன் என்று ஒரு வகையைத் தேர்ந்துகொண்டு, இருபது புள்ளிகளைப் பலம், அறிவு, வேகம், பேச்சு என்று பிரித்துப் போட வேண்டும். பிறகு மாமா கதை சொல்லச் சொல்லப் பகடையை உருட்டிக்கொண்டு குகைக்குள் போகவேண்டியதுதான். நான் ஐந்து நிமிடத்தில் மந்திரவாதியானேன். "எதையாவது போடு, கொழம்பு கொதிக்குது" என்ற அம்மாவை வைத்தியராக்கினேன்.

அப்பாவுக்குத் தாள் என்றாலே விண்ணப்பம்தான். கறுப்பு மைப் பேனா தேடினார். பெயருக்குக் கீழே தகப்பனார் பெயரை எழுதினார். அடித்தல் திருத்தல் இருந்தால் செல்லுமா என்று மாமாவிடம் இரண்டு முறை கேட்டார். நல்லவேளை, போட்டோ ஒட்டவில்லை.

"நீ போர்வீரன்தான் மாமா. மறைமலைநகர் கம்பெனில டெய்லி இரும்பு தூக்குற ஒடம்பு" என்று அப்பாவிடம் சொன்னார் மாமா.  நாலு மணிக்குத்தான் அப்பா வாய் திறந்தார்.

"இந்தப் பாட்டுக்காரன் இன்னா பண்ணுவான் மச்சான்?"

"பாடுவான். கூட கீறவங்களுக்கு தைரியம் வரும்."

"அவன் சண்ட போட வேணாமா?"

"வேணாம் மாமா."

அப்பா பலத்துக்குச் சைபர் போட்டார். இருபதையும் பேச்சுக்கே கொடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. குளிக்கும்போதுகூடப் பாடாத மனிதர்.

"முன்னால நின்னு அடி வாங்க ஒரு ஆளு வேணும்ப்பா. நீ பாடிகினு இருந்தா நாங்க செத்துடுவோம்" என்று கத்தினேன்.

 "சரி, நானே நிக்கிறேன்" என்று அப்பா தாளை என்னிடம் நீட்டினார். பாட்டுக்காரனை அடித்துவிட்டுப் போர்வீரன் என்று நானே எழுதினேன்.

முதல் குகையிலேயே அப்பாவின் வீரன் எங்களுக்காக அடி வாங்கிச் செத்தான். அப்பா எழுந்துபோய் மறுநாள் ஷிப்டுக்குச் சட்டையை இஸ்திரி போட ஆரம்பித்தார். நானும் அம்மாவும் புதையலை நெருங்கும்போது அந்தப் பக்கமிருந்து மெல்ல ஒரு பாட்டு கேட்டது. மாமா சொல்வது காதில் விழவில்லை என்று அதட்டினேன். பாட்டு நின்றுவிட்டது.

என்னவாக இருக்க ஆசை என்று அப்பாவிடம் அதுவரை யாருமே கேட்டதில்லை என்பது அன்று எனக்குத் தெரியாது. கடைசியில் கேட்டது ஒரு தாள்தான். அதிலும் அடித்தல் திருத்தல் செய்தவள் நான்.