காய்ச்சல் விசாரிக்க வந்தவள்

இது நடந்தது. கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். நேரங்களை மட்டும் நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பாதி என் போனில் இருக்கிறது. மீதி சுவர்க் கடிகாரத்தில் நானே பார்த்தது.

என் பெயர் கௌதம். போர்ட் பிளேரில் ஹேடோ துறைமுகத்தில் வேலை. அங்கேயே குவார்ட்டர்ஸில் மூன்றாவது மாடி. எனக்கு ஏ நெகட்டிவ் ரத்தம். எங்கள் ரத்ததானக் குழுவில் அந்த வகை மொத்தம் ஐந்து பேர்தான். மெயின்லேண்டில் என்றால் பக்கத்து ஊரில் கேட்டுப் பார்க்கலாம். தீவில் இருக்கும் எங்களுக்குப் பக்கத்து ஊர் என்பது கப்பலில் மூன்று நாள்.

குழுவை நடத்துபவர் அமுதம் அக்கா. ஜங்லிகாட்டில் தையல் கடை வைத்திருக்கிறார். ராத்திரி பகல் பார்க்காமல் அலைவார், பெட்ரோல்கூடக் கைக்காசுதான். அவருக்கு ஒரு விதி உண்டு. ரத்தம் பெற்றவர் பிழைத்தாரா இல்லையா என்று கொடுத்தவரிடம் சொல்லவே மாட்டார். "செத்துட்டாங்கன்னு தெரிஞ்சா அடுத்த தடவ கை நீட்ட மனசு வராது" என்பார்.

நான் பதினாறு முறை கொடுத்திருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நன்றி என்ற ஒரு வார்த்தைக்கு ஏங்குகிற ஆள் நான். ஆகஸ்ட் கடைசியில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தேன். அவள் கணவன் ஆஸ்பத்திரி வாசலில் என் நம்பரை வாங்கிக்கொண்டான். அதன்பிறகு ஒரு போன் இல்லை, ஒரு மெசேஜ் இல்லை. மூன்று மாதமாக அதை நினைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 9, செவ்வாய்க்கிழமை. மனைவியும் மகளும் மெயின்லேண்டுக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மதியம் 3:12க்கு அமுதம் அக்கா போன் செய்தார்.

"தம்பி, மின்னி பே பக்கத்துப் பொண்ணு ஒண்ணு, நளினின்னு. பிரசவத்துல ரத்தம் நிக்கல. நம்மள்ல ரெண்டு பேரு ஊர்ல இல்ல. ஒருத்தரு போன மாசந்தான் குடுத்தாரு. ஹரிஹரனுக்குக் காய்ச்சலாம். நீ ஒருத்தன்தான் பாக்கி."

வெளியே நல்ல மழை. அந்த ஆகஸ்ட் கணவனின் முகம் ஞாபகம் வந்தது. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"எனக்கும் காய்ச்சல்க்கா. மூணு நாளா."



"சரி தம்பி. உடம்பப் பாத்துக்க."

போனை வைத்துவிட்டு டீ போட்டுக் குடித்தேன். ஒரு உயிர் போய்விடும் என்று தெரியும். தெரிந்தும் எழுந்து போகவில்லை.

இங்கே டிசம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். 5:15க்குக் கரண்ட் போனது. 5:20க்குக் கதவு தட்டும் சத்தம்.

டொக்... டொக்... டொக்...

மெழுகுவத்தியோடு போய்த் திறந்தேன். முப்பது வயது மதிக்கத்தக்க பெண். பச்சை நைட்டி, தோளில் துண்டு. இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு.

"அண்ணனுக்குக் காச்சல்னாங்க. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

அமுதம் அக்கா அனுப்பிய ஆள் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே வரச் சொல்லிவிட்டு, அவசரமாகப் போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். அந்தக் கூத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதன் ஒரு காலில் விரிசல். ஆறு வயது மகள் உட்கார்ந்தாலே கிரீச்சிடும்.

அன்று சத்தமே வரவில்லை.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் கையில் குடை இல்லை. டார்ச் இல்லை. தலைமுடி காய்ந்திருந்தது.

எங்கோ சொட்டும் சத்தம். சொட்... சொட்... சமையலறைக் குழாயாக இருக்கும் என்று போய்ப் பார்த்தேன். இறுக்கி மூடியிருந்தது. திரும்பி வந்தேன். சத்தம் அவள் பக்கத்திலிருந்து வந்தது.

"மருந்து சாப்டீங்களா?"

"ம்."

"கஞ்சி?"

"ம்."

அக்கறையாகத்தான் கேட்டாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ரத்தம் எடுக்கும் முன், ரத்தசோகை இருக்கிறதா என்று எங்கள் நகத்தையும் கண் இமையையும் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தில் அவள் விரல்களைப் பார்த்தேன். நகம் வெள்ளை. உதடு வெள்ளை. கண்ணின் உள் ஓரமும்... வெள்ளை.

5:46. எழுந்தாள்.

அருகில் வந்தாள். என் நெற்றியில் புறங்கையை வைத்தாள்.

வைத்ததைப் பார்த்தேன். தொட்டது தெரியவில்லை.

"காச்சல் இல்லையே அண்ணா..."

நான் போர்வையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அப்ப நல்லது."

5:48. போய்விட்டாள். படியில் ஒரு காலடிச் சத்தம்கூட இல்லை.

சொட்டும் சத்தமும் நின்றுவிட்டது.

அதற்குமேல் என்னால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை. மழையிலேயே ஸ்கூட்டரை எடுத்தேன். 6:10க்கு ஆஸ்பத்திரி. என்னைப் பார்த்ததும் அமுதம் அக்கா திகைத்தார். பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டு கையை நீட்டினேன். அன்று இரவு நளினி பிழைத்தாள். குழந்தையும் நலம்.

ரத்தம் கொடுத்து முடித்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கும்போது கேட்டேன்.

"யாருக்கா அந்தப் பொண்ணு? வீட்டுக்கு அனுப்பினீங்களே."

"நான் யாரையும் அனுப்பலையே."

நைட்டியைச் சொன்னேன். தழும்பைச் சொன்னேன். அக்கா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை என்னை ஜங்லிகாட்டில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனார். முதல்முறையாகத் தன் விதியை மீறினார். கதவைத் திறந்தது அந்த ஆகஸ்ட் கணவன். அருள்நாதன் என்று பெயர், மீன் பிடிப்பவர். சுவரில் மாலை போட்ட படம். பெனிட்டா. இடது புருவத்தில் தழும்பு.

"நீங்க குடுத்த ராத்திரி விடியுறதுக்குள்ள போயிட்டா" என்றார் அவர். "நடுவுல கண்ணு முழிச்சு, யாரு குடுத்தாங்கன்னு கேட்டா. தேறுனதும் ஒரு எட்டு போயி அந்த அண்ணமாரப் பாத்துட்டு வரணும்னு சொன்னா. உங்க நம்பரு எங்கிட்ட இருந்துச்சு. நல்ல சேதி இல்லாம எப்பிடிக் கூப்புடுறதுன்னு விட்டுட்டேன் தம்பி."

அங்கேயே அழுதேன். மூன்று மாதம் அந்த மனிதனைத் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

வெளியே வந்ததும் அக்காவிடம் கேட்டேன். "அண்ணமாருன்னாரே... என்னோட வேற யாரு குடுத்தா?"

"ஹரிஹரன்."

ஹரிஹரன் போனை எடுக்கவில்லை. நேரில் போக எனக்குத் துணிச்சல் வரவில்லை. பொங்கல் கழிந்து, ஜனவரி 19ஆம் தேதிதான் போனேன். போர்வைக்குள் சுருண்டு கிடந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"அன்னிக்கு எனக்குக் காய்ச்சலே இல்ல பாய்" என்றான். "மழையில யாரு போறதுன்னு அக்காகிட்ட சும்மா சொன்னேன். சாயந்தரம் கதவு தட்டுற சத்தம். கதவு ஓட்டை வழியாப் பாத்தேன். பச்சை நைட்டி போட்ட பொண்ணு, யாருன்னு தெரியல. திறக்கல. தட்டிக்கிட்டே இருந்துச்சு."

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சு இருபது."

"எப்ப நின்னுச்சு?"

"அஞ்சு நாப்பத்தெட்டு. கடிகாரத்தப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

அந்த நேரம் முழுவதும் அவள் என் எதிரே உட்கார்ந்திருந்தாள்...

"அன்னிக்கு ராத்திரியே நெஜமாக் காய்ச்சல் வந்துச்சு. இன்னியோட நாப்பத்தியோரு நாள். எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு. குச் நஹி, ஒண்ணுமே இல்லைங்கிறாரு டாக்டர்."

அவன் நெற்றியில் கை வைத்தேன். கொதித்தது.

"கதவத் திறந்திருக்கணுமோ?" என்று கேட்டான்.