வெள்ளிக்கிழமை நிற்கும் மதகு

வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டரை ஆனதும் எங்கள் அலுவலகக் கணினித் திரையில் ஒரு வரி வரும்: "போயிட்டு வரேன்." அதன் பிறகு இரண்டு மணி வரை ஒரு செய்தியும் வெளியே போகாது. திருப்பனந்தாளில் என் அண்ணனும் நானும் அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு அனுப்புகிறோம். யார் வயலுக்கு எந்த இயந்திரம் எப்போது வரும் என்று விவசாயிகளுக்கும் எங்கள் ஓட்டுநர்களுக்கும் கைப்பேசியில் செய்தி அனுப்புவது அந்தக் கணினியின் வேலை. மற்ற நாட்களில் அது ஓய்வதில்லை. வெள்ளி மதியம் மட்டும் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் முதல் வெள்ளியன்று பதறிப்போய்விட்டாள். "சார், சிஸ்டம் நின்னுடுச்சு. என்னமோ போயிட்டு வரேன்னு சொல்லுது சார்." "வந்துடும்மா, நீ சாப்பிடு" என்றேன். ஒரு கணினியைப் பற்றி யாரும் இப்படிச் சொல்லி அவள் கேட்டிருக்கமாட்டாள்.

அந்த வரியை எழுதியவரை நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை மாப்ளே என்பார். பல வருஷங்களுக்கு முன் மயிலாடுதுறையில் ஓர் உரக்கடையின் மாடியில் எங்களுக்கு ஓர் அறை இருந்தது. கல்யாண மண்டபங்களுக்கும் அரிசி ஆலைகளுக்கும் இணையதளம் செய்து கொடுப்போம். மண்டபக்காரருக்கு முன்பதிவு வேண்டும், ஆலைக்காரருக்கு விலைப் பட்டியல் வேண்டும். ஆனால் அடியில் இருப்பது எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஒவ்வொரு வீட்டுக்கும் செங்கல்லைப் புதிதாகச் சுட்டுக்கொண்டிருக்கிறோம் என்று பாய் சலித்துக்கொள்வார். அந்தச் சலிப்பில்தான் அவர் பொதுவான சட்டகம் ஒன்றை எழுத ஆரம்பித்தார். அதை வைத்து யார் வேண்டுமானாலும் தங்கள் தளத்தைக் கட்டலாம், நிரலைத் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், காசு தரவேண்டியதில்லை. பெயர் மதகு. ஆற்றில் வரும் தண்ணீரை அந்தந்த வாய்க்காலுக்குப் பிரித்துவிடுவதுபோல, தளத்துக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் அதற்குரிய பக்கத்துக்கு அது அனுப்பும். நிரல் முழுக்க அவருடையது. விளக்கக் குறிப்புகளும், எந்த நாளில் எது மாறியது என்ற பதிவும் என்னுடையவை. நாள் தவறாமல் குறித்துவைப்பது சிறுவயதிலிருந்தே எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம்.

பாய்க்கு மதகு வெறும் ஆசை அல்ல. அவருடைய மாமனார் சிங்கப்பூரில் இருந்தார். அங்கே ஒரு வேலை தயாராக இருக்கிறது, கிளம்பி வரவேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குடும்பத்தில் ஆண்கள் எல்லோரும் அப்படிப் போனவர்கள். பிள்ளைப்பருவத்தில் பாய் தன் அத்தாவைப் பார்த்ததெல்லாம் விடுமுறைக்கு வந்துபோகிற அப்பாவாகத்தான். தன் மகள் தன்னை அப்படிப் பார்க்கக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். மதகு வெளியானால் நாலு பேர் எடுத்துப் பயன்படுத்துவார்கள், பெயர் பரவும், வெளிநாட்டு வேலை இந்த மாடிக்கே வரும் என்பது அவர் கணக்கு. அதுவரை மாமனாரிடம் தவணை கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் மாடிக்கு வந்த அவர் மனைவி என்னெதிரிலேயே கேட்டுவிட்டார். "உங்க மதகு எப்பங்க தொறக்கும்? எங்க அத்தாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" "தண்ணி வந்துக்கிட்டே இருக்கு" என்றார் பாய். "மேட்டூர்லேருந்தா?" என்று கேட்டுவிட்டு அவர் படியிறங்கிப் போனார். அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

வெள்ளிக்கிழமை நிறுத்தம் வந்த கதை தனி. ஒரு ஜும்மா தொழுகையின்போது ஏதோ மண்டபத்தின் முன்பதிவுச் செய்தி சிக்கிக்கொண்டு, திரும்பத் திரும்பப் பாயின் கைப்பேசிக்கே வந்து விழுந்திருக்கிறது. பள்ளிவாசலில் எல்லோரும் அமைதியாக இருக்கும்போது அவர் சட்டைப்பை மட்டும் வண்டுபோல ரீங்கரித்திருக்கிறது. பக்கத்தில் இருந்த பெரியவர் பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல் திரும்பி வந்து, உட்கார்ந்த கையோடு நாலு வரி எழுதினார். வெள்ளி பன்னிரண்டரைக்கு வரிசை நிற்கும். இரண்டு மணிக்கு மறுபடி ஓடும். நிற்கும்போது திரையில் என்ன போடலாம் என்று கேட்டார். "போறேன்னு போடுங்க" என்றேன். "யாராச்சும் போறேன்னு சொல்லிட்டுப் போவாங்களா மாப்ளே?" என்று கடிந்துகொண்டு "போயிட்டு வரேன்" என்று தட்டினார். ஓடத் தொடங்கும்போது "வந்துட்டேன்." பெரும்பாலும் திரையில் அந்த வரி வரும் நேரத்துக்குப் படியில் அவர் செருப்புச் சத்தமும் கேட்கும். மேலே வந்து, கழுத்து வியர்வையைத் துடைத்தபடி அவரும் அதையே சொல்வார்.

முதல் வெளியீடு ஒரு புரட்டாசி வெள்ளிக்கிழமை. தேதியும் தெரியும், சொன்னால் பாய் சிரிப்பார். குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தது. கீழே தெருவில் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாகப் போயின. ஜும்மாவுக்குள் வெளியிட்டுவிட வேண்டும் என்று பாய் பரபரத்தார். நான் குறிப்பில் ஒரு வாக்கியத்தை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். "நீ குறிப்பு எழுதுறியா, பெரிய கோயில்ல கல்வெட்டு வெட்டுறியா? ஆயிரம் வருஷத்துக்கு யாரும் படிக்கப் போறதில்ல, விடு" என்றார். இரண்டு தரம் மின்சாரம் போய் வந்தது. கடைசியில் பொத்தானை அழுத்திவிட்டு இருவரும் திரையையே பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. வெளியீடு என்றால் என்ன நடக்கும் என்று நாங்கள் எதிர்பார்த்தோமோ, இப்போதும் எனக்குத் தெரியவில்லை. "அவ்வளவுதானா?" என்றேன். "அவ்வளவுதான். தொறந்தாச்சு" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பின்னாலேயே திரையிலும் "போயிட்டு வரேன்" வந்தது. அந்த நாலு வரி வெளியீட்டுக்குள் போயிருக்கிறது என்பது அப்போதும் எங்கள் இருவருக்கும் உறைக்கவில்லை. எங்களுக்கு வெள்ளி மதியம் எல்லாம் நிற்பது மழை நின்றால் வெயில் வருவது மாதிரி. அதை யாராவது மாற்ற நினைப்பார்களா?

வாரக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. காலையில் வந்ததும் பாய் முதலில் திறப்பது மதகின் பக்கத்தைத்தான். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒருநாள் நார்வேயிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். நல்ல வேலை, பயன்படுத்துகிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை மதியங்களில் என் மின்னஞ்சல்கள் எல்லாம் நின்றுவிடுகின்றன, அப்போது நான் படிக்க முடியாத எழுத்தில் ஒரு வரி வருகிறது, இது பிழையா, இல்லை காரணம் ஏதும் உண்டா? பாய் வாசித்துவிட்டு நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிரித்தார். "மாப்ளே, நார்வேக்காரனையும் ஜும்மாவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன்டா." பிறகு முகம் மாறி, பாதி நாள் உட்கார்ந்து பதில் எழுதினார். அது நான் தொழப் போகும் நேரம், மன்னிக்கவும், எடுத்துவிடுகிறேன். அந்த எழுத்து தமிழ், எங்கள் ஊரில் வாசலைத் தாண்டுகிறவர்கள் சொல்வது, திரும்பி வருவேன் என்று பொருள். மறுநாளே பதில் வந்தது. எடுக்க வேண்டாம், வேண்டுகிறவர்கள் வைத்துக்கொள்ளும்படி ஒரு விருப்பமாக மாற்றலாம், நான் வைத்துக்கொள்கிறேன், அந்த நேரத்தில் நானும் வெளியே நடந்துவிட்டு வருகிறேன் என்று அவர் எழுதியிருந்தார்.

அவர் வழியாக இன்னும் சிலர் வந்தார்கள். கேள்வி கேட்டார்கள், திருத்தம் அனுப்பினார்கள், நன்றி சொன்னார்கள். வேலை என்று எதுவும் வரவில்லை. தை மாதம், சம்பா முற்றியிருந்த நேரத்தில், பாய் திருச்சி விமான நிலையத்துக்கு வேனில் ஏறினார். மகள் அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். இறக்கி மனைவியிடம் கொடுத்தார். "ரெண்டாவது வெளியீட்டை அங்கேருந்து விடுறேன். குறிப்பை மட்டும் நீ எழுதிடு, கல்வெட்டு" என்றார். "சரிங்க பாய்" என்றேன். எல்லோரும் சொல்வதைத்தான் சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது வெளியீட்டை நார்வேக்காரர்தான் விட்டார். அதில் வெள்ளிக்கிழமை நிறுத்தம் விருப்பமாகிவிட்டது. அதன் பிறகு மதகைவிட நல்ல சட்டகங்கள் பல வந்து, இப்போது அதை யாரும் எடுப்பதில்லை. பாய் போன பிறகு நான் அண்ணனோடு சேர்ந்துகொண்டேன். அதற்கு முன்பே பாய் விளையாட்டாகச் செய்து கொடுத்த எங்கள் அறுவடை அலுவலகத் தளம் மட்டும் முதல் வெளியீட்டிலேயே நின்றுவிட்டது. மாற்றச் சொல்லி அண்ணன் பலமுறை சொன்னார். நான் ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக்கழித்தேன்.

இந்த வருஷம் தட்ட முடியவில்லை. பழைய கணினி எப்போது வேண்டுமானாலும் படுத்துவிடும் என்று அந்தப் பெண் அடித்துச் சொல்லிவிட்டாள். சம்பா அறுப்புக்குமுன் புதிய முறைக்கு மாற்றியாக வேண்டும். போன வாரம் செய்தியைச் சொல்லப் பாயைப் போனில் கூப்பிட்டேன். அவர் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவள் தன்னிடம் பேசும்போது 'ங்க' போட்டே பேசுகிறாள், வெளியாளிடம் பேசுவதுபோல் இருக்கிறது என்றார். பிறகு நான் விஷயத்தைச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை இன்னும் நிக்குதா மாப்ளே?"

"நிக்குதுங்க பாய். ஒரு வாரம்கூடத் தப்பினதில்ல."

"பரவால்ல. எனக்குத்தான் இங்க ஷிப்ட் ட்யூட்டி. பாதி வெள்ளி ஜும்மாவுக்குப் போக முடியாம ஸ்கிரீன் முன்னாலதான் உக்காந்திருக்கேன். யாராச்சும் ஒருத்தர் இருக்கணும்ல." அவரே சிரித்துக்கொண்டார். "மாத்திடு, மாத்திடு. மழை எப்படி அங்க?"

நாளை மாற்றுகிறோம். இன்று வெள்ளி. பன்னிரண்டரைக்கு அந்த வரி வந்தது. கடைவீதி வெயிலில் அடங்கிக் கிடந்தது. அந்தப் பெண் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வரிசையில் நின்ற செய்திகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு மணிக்கு அவை ஒவ்வொன்றாகக் கிளம்பின. எதிர் டீக்கடையில் இருந்த எங்கள் ஓட்டுநரின் கைப்பேசி ஒலித்தது.

"சார், வந்துட்டேன்னு வந்துடுச்சு" என்றாள்.

என் கண் வாசல் பக்கம் போயிற்று.