பானை மெஷினும் நெட்டை மெஷினும்

ஊரே ஈரக்காலோடு நடமாடும் குற்றாலத்தில், லாட்ஜ் வராந்தாவுக்குக் கார்ப்பெட் போட்ட எங்கள் முதலாளியின் அறிவை என்னவென்று சொல்ல? சாரல் தொடங்கினால் போதும், அருவியிலிருந்து திரும்புகிறவர்கள் மணலையும் தலைமுடியையும் கடலைத் தோலையும் மூன்று மாடிக்கும் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். அத்தனையையும் எடுக்க வேண்டியவள் சங்கரேஸ்வரி. நான் கீழே வரவேற்பு மேசையில் உட்கார்ந்து சாவி கொடுக்கிறவன். குறை சொல்வதற்குத் தனிச் சம்பளம் கிடையாது, அதை இலவசமாகத்தான் செய்கிறேன்.

சங்கரேஸ்வரிக்கு வயது ஐம்பத்திரண்டு. புருஷன் இறந்து ஒன்பது வருஷம். மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. இலஞ்சியில் ஒற்றை அறை வாடகைக்கு இருக்கிறாள். "வீட்டுல பேச்சுச் சத்தம் கேக்கணும்னா டிவியத்தான் போடணும் அண்ணாச்சி" என்று என்னிடம் ஒருநாள் சொன்னாள். மற்றபடி அவள் பேச்செல்லாம் கூட வேலை பார்த்த மாரிச்செல்வியோடுதான்.

தூசி உறிஞ்சுகிற பழைய மெஷினை இரண்டு பேரும் சேர்ந்தே ஓட்டுவார்கள். சக்கரம் வைத்த பானை போல ஒன்று, அதிலிருந்து நீளமாக ஒரு குழாய். சங்கரேஸ்வரி குழாயைப் பிடித்துக்கொண்டு முன்னால் போவாள். மாரிச்செல்வி பின்னால் பானையைச் சுவரில் இடிக்காமல் நகர்த்தி, வயரையும் பார்த்துக்கொள்வாள். அது போடுகிற சத்தத்தில் பேச முடியாது. மாரிச்செல்விக்கோ பேசாமல் இருக்க முடியாது. ஏதாவது ஞாபகம் வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுவாள். சத்தம் நின்றதும் சங்கரேஸ்வரி திரும்பிப் பார்க்காமலே "என்னட்டி?" என்பாள். "யக்கா, நேத்து எங்க மாமியா என்ன செஞ்சா தெரியுமா?" என்று கச்சேரி ஆரம்பமாகும். இருபது நிமிஷ வேலை நாற்பது நிமிஷமாகும். நானும் மேனேஜரிடம் மூச்சு விட்டதில்லை.

போன ஜூனில் பானை புகைந்து நின்றுவிட்டது. கடைக்காரர் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லி இரண்டு மெஷின்களைக் கொடுத்தார். ஒன்று அதே மாதிரிப் பானை. இன்னொன்று கைப்பிடியோடு நிமிர்ந்து நிற்கிறது, அடியில் பிரஷ் சுழல்கிறது. மாரிச்செல்வி அதற்கு நெட்டை என்று பெயர் வைத்தாள். "ரெண்டையும் ஓட்டிப் பாத்து எது நல்லதுன்னு நீயே சொல்லு" என்றார் மேனேஜர் ஸ்டான்லி. சங்கரேஸ்வரியிடம் யாரும் எதற்கும் அபிப்பிராயம் கேட்டதில்லை. பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி ஒரு மாடிக்கு இதையும் ஒரு மாடிக்கு அதையும் ஓட்டிப் பார்த்தாள்.

வாரக் கடைசியில் என் மேசைக்கு முன்னால் நின்று மேனேஜரிடம் சொன்னாள். "கார்ப்பெட்டுக்கு நெட்டைதான் சார். பானை மேல கெடக்க குப்பையத்தான் எடுக்கு. நெட்டை உள்ள இருக்க மணலையும் கெளப்பி எடுத்துருது. முடி சுத்திக்கிட்டா பிளேடு வச்சு அறுக்கணும், அவ்வளவுதான். ஆனா கட்டிலுக்கு அடியில போவாது, மாடிப்படிக்கும் ஆவாது. அதுக்குப் பானைதான்."

போகத் திரும்பியவள் நின்று, "நெட்டைன்னா தனி ஆளே தள்ளிரலாம் சார். மாரிக்குத் தோள்வலி. பானையத் தூக்கிட்டு மாடி ஏற அவளால முடியல" என்றாள்.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்களே, அதுதான். அவள் சொன்ன அத்தனையிலும் ஸ்டான்லி காதில் விழுந்தது 'தனி ஆள்' என்பது மட்டும். நெட்டையை வாங்கினார்கள். கட்டிலடிக்கும் படிக்கும் விளக்குமாறு என்றாயிற்று. மாரிச்செல்வியைத் தென்காசியில் இருக்கும் முதலாளியின் கல்யாண மண்டபத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

மறுநாளே சங்கரேஸ்வரி மேனேஜரிடம் போய் நின்றாள். "பானையவே வாங்கிருங்க சார். நான் தப்பாச் சொல்லிட்டேன்." பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், குரல் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஸ்டான்லி சிரித்தார். "நீ மொதல்ல சொன்னதுதான் கரெக்ட். கார்ப்பெட்டப் பாரு, புதுசு மாதிரில்லா இருக்கு!"

அது உண்மைதான், கொடுமையும் அதுதான். அவளுக்காக நானாவது ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். சாவிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

மாரிச்செல்வி முதலில் தினமும் போன் செய்தாள். மண்டபத்தில் அவளோடு நான்கு பெண்கள் வேலை பார்க்கிறார்கள், அவளுக்குப் பேச ஆள் கிடைத்துவிட்டது. போன் வாரத்துக்கு ஒன்றாகி, பிறகு எப்போதாவது என்றானது. அவளையும் குற்றம் சொல்ல முடியாது.

போன வாரம் ஒரு அறையைத் திறந்து பார்க்க இரண்டாவது மாடிக்குப் போனேன். சீசன் முடிந்து வராந்தா வெறிச்சோடிக் கிடந்தது. சங்கரேஸ்வரி எனக்கு முதுகு காட்டி நெட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். சட்டென்று சத்தம் நின்றது.

"என்னட்டி?" என்றாள், திரும்பாமலே.

கைப்பிடியைப் பிடித்தபடி, பதிலுக்காகத் தலையை லேசாகச் சாய்த்து நின்றாள். பிறகுதான் திரும்பினாள். வயரின் நீளம் தீர்ந்து பிளக் கழன்று என் காலடியில் கிடந்தது.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி" என்றாள்.

ஏதாவது பேசியிருக்கலாம். மாரிச்செல்வியின் மாமியார் இல்லாவிட்டாலும் என் மாமியாரைப் பற்றியாவது சொல்லியிருக்கலாம். குனிந்து பிளக்கை மாட்டினேன். மெஷின் மறுபடியும் சத்தம் போட ஆரம்பித்தது.