மெராந்திப் பூவும் தேங்காய்க் குரங்கும்

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம், சிலாங்கூர்க் காடுகளில் மெராந்தி மரங்கள் எல்லாம் ஒன்றாகப் பூத்தன. மெராந்தி வருஷா வருஷம் பூக்கிற மரமல்ல. பல வருஷம் சும்மா நிற்கும். பிறகு ஒருநாள் யாரோ சொல்லி வைத்த மாதிரி மலை முழுக்க ஒரே சமயத்தில் பூத்துத் தள்ளும். சில வாரங்களில் எல்லாம் உதிர்ந்துவிடும். அடுத்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சில வாரங்களில் என்னைப் போன்றவர்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது.

என் வேலை தாவர மாதிரிகள் சேகரிப்பது. காட்டிலிருந்து பூவும் இலையும் சேர்ந்த கிளையை ஒடித்துவந்து, பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைத்து, அட்டையில் தைத்து, கோலாலம்பூரில் நாங்கள் வைத்திருந்த அலமாரிகளில் அடுக்க வேண்டும். எந்த மலையில் எந்த மரம் இருக்கிறது என்று பின்னால் வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள். சொந்தக்காரர்களிடம் இதை எத்தனை விதமாக விளக்கினாலும், கல்யாண வீடுகளில் என்னை “இலை பொறுக்குற பொண்ணு” என்றுதான் அறிமுகப்படுத்துவார்கள்.

என் கணவருக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். அவரிடம் ஒரு பழைய நீலக் கார் இருந்தது. சனி, ஞாயிறுகளில் என்னைக் காட்டின் ஓரம் வரை கொண்டுபோய் விடுவார். அதோடு சரி. கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டுக் காருக்குள்ளேயே பேப்பர் படிப்பார், தூங்குவார். அட்டை கடிக்கும் என்று பயம்.

“உள்ள வந்து பாருங்களேன், எவ்வளவு அழகா இருக்கு” என்று ஒருமுறை கூப்பிட்டேன்.

“அது உன் ஆபீஸ்மா. நீ என்னைக்காவது என் ஆபீஸுக்கு வந்து ஃபைல் பாத்திருக்கியா?” என்றார்.

அந்த வருஷம் நான் கண் வைத்திருந்த மரம் உலு லங்காட் பக்கம் ஒரு குன்றின் மேல் நின்றது. அடியில் நான்கு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. முதல் கிளையே மூன்று மாடிக் கட்டடத்துக்கு மேலே. அதற்கும் மேலே, ஆகாயத்துக்குப் பக்கத்தில் பூ. கீழே தரையெல்லாம் துருவிய தேங்காயைக் கொட்டின மாதிரி இதழ்கள் கிடந்தன. ஆனால் உதிர்ந்த இதழ் எனக்கு உதவாது. சுற்றிலும் இன்னும் சில மெராந்திகள் நின்றன. எது எந்த மரத்து இதழ் என்று யார் கண்டது? இலையோடு ஒட்டிய பூங்கொத்து வேண்டும்.

கவணில் தூண்டில் நைலானைக் கட்டி எய்து பார்த்தேன். அது கொடியில் மாட்டிக்கொண்டு இன்றைக்கும் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, மரம் ஏறுகிற ஒருவரை அழைத்துவந்தேன். அவர் தலையை அண்ணாந்து பார்த்தார், மரத்தைத் தட்டினார், பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “அக்கா, எனக்குக் கல்யாணமாகி ஆறு மாசம்தான் ஆகுது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று வீடு திரும்பும் வழியில் செராஸில் ஒரு கடையில் இளநீர் குடித்தோம். வாயில் குழாயை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் பிறந்து வளர்ந்தது கிள்ளானைத் தாண்டிக் கடலோரப் பக்கம். அங்கே தேங்காய் பறிக்க மனிதர்கள் ஏறுவதில்லை. பழக்கின குரங்கு ஏறும்.

“ஏங்க, நமக்கு ஒரு குரங்கு வேணும்” என்றேன்.

கணவர் இளநீரை மெதுவாகக் கீழே வைத்தார். “கல்யாணத்துக்கு முன்னாடியே இதை எல்லாம் சொல்லிருக்கணும் லா.”

குரங்குக்காரர் ஒரு மலாய்க்காரர், அறுபது வயதிருக்கும். கடலோரத் தென்னந்தோப்புகளில் வேலை. நாங்கள் விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். பூப்பறிக்கவா? தன் குரங்கு கல்யாண மாலை கட்டுமா என்றும் கேட்பீர்களோ என்றார். ஆனால் அவருக்கே ஆசை வந்துவிட்டது. ஒரே ஒரு சிக்கல். அவருக்கு முழங்காலில் வீக்கம். சமதரையில் நடப்பார், குன்று ஏற முடியாது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே நின்று கட்டளை சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

நான் உடனே கையை நீட்டினேன். குரங்கு என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமியது. பெரிய ஆண் குரங்கு, குட்டை வால், நெஞ்சு பயில்வான் மாதிரி. நான் பின்வாங்கினேன். என் கணவர் நிலக்கடலைப் பொட்டலத்தோடு ஓரமாக நின்றிருந்தார். குரங்கு நேராக அவரிடம் போய்ச் சட்டைப் பையில் கையை விட்டது. அவர் அசையவில்லை. அசைய முடியாமல் நின்றார் என்பதுதான் உண்மை. அதைத் தைரியம் என்று குரங்கு எடுத்துக்கொண்டது.

“இவருதான் ஆளு” என்றார் குரங்குக்காரர்.

“பாக்சிக், நான் காட்டுக்குள்ளயே போகமாட்டேன்” என்றார் கணவர். வயதான மலாய்க்காரர்களை அப்படித்தான் கூப்பிடுவோம்.

“குரங்கு போகுதே, நீ போகமாட்டியா?”

ஒரு சனிக்கிழமை முழுக்க அவர் தென்னை மரத்தடியில் நின்று பாடம் கற்றுக்கொண்டார். ‘நாயிக்’ என்றால் ஏறு. ‘அம்பில்’ என்றால் பறி. ‘பூசிங்’ என்றால் சுற்று. ‘துருன்’ என்றால் இறங்கு. சத்தம் போடக்கூடாது, கெஞ்சவும் கூடாது, சம்மதம் கேட்கிற மாதிரிச் சொல்ல வேண்டும். சாயங்காலத்துக்குள் அவரும் குரங்கும் ஒரே பொட்டலத்தில் கடலை தின்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள். குரங்குக்கு ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுத முடியாது. எங்கள் மேலதிகாரிக்கும் அதே பெயர்.

மறுநாள் காலையிலேயே காட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் குரங்கை அன்றே பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கொண்டுவந்தோம். பின்வாசல் கம்பத்தில் கட்டிவிட்டு, குளித்துச் சாப்பிட உள்ளே போனோம். கயிறு நீளம். பக்கத்து வீட்டு அக்காவின் மாமரம் பக்கம்.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் குரல் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கக் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் மரத்தில் ஒரு பிஞ்சு மிச்சமில்லை. பறிக்கப் பழகின குரங்கு. சும்மா உட்கார்ந்திருக்க அதற்குத் தெரியாது. எல்லா மாங்காயையும் திருகித் திருகித் தரையில் போட்டுவிட்டு, வேலை முடித்த திருப்தியோடு மதில்மேல் உட்கார்ந்திருந்தது.

“என்னம்மா இது, ஒரு வருஷக் காய் எல்லாம் போச்சே!” என்று அக்கா தலையில் கை வைத்தார்.

என் கணவர் குனிந்து காய்களைக் கூடையில் பொறுக்க ஆரம்பித்தார். “அக்கா, ஆள் வெச்சுப் பறிச்சாக்கூட இவ்வளவு சுத்தமா பறிக்கமாட்டான்கா.”

அக்காவுக்கு முதலில் கோபம், பிறகு சிரிப்பு. ஊறுகாய்க்கு உப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் நான் வாங்கித் தர வேண்டும் என்று தீர்ப்பானது. நல்ல தீர்ப்புதான். அந்த ஊறுகாயில் பாதி எங்கள் வீட்டுக்கே வந்தது.

காலையில் காரில் ஏறும்போது இன்னொரு தகராறு. குரங்குக்கு முன் சீட்டுதான் வேண்டும். பின்னால் வைத்தால் கத்துகிறது. நான் பைகளோடும் செய்தித்தாள் கட்டுகளோடும் பின்னால் ஏறினேன். தன் ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்த குரங்குக்காரர் எனக்குப் பக்கத்தில். உலு லங்காட் சாலையில் போலீஸ் தடுப்பு. அப்போதெல்லாம் அது சாதாரணம். இளம் போலீஸ்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். முன்னால் குரங்கு ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டிருந்தது.

“எங்க போறீங்க?” என்று மலாயில் கேட்டார்.

“பூப்பறிக்க” என்றார் என் கணவர்.

“யாரு?”

கணவர் குரங்கைக் காட்டினார். போலீஸ்காரர் எங்களை எல்லாம் ஒருமுறை பார்த்தார். டிக்கியைத் திறக்கச் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ தன் சிநேகிதரைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேரும் குரங்குக்கு சல்யூட் வைத்து அனுப்பினார்கள்.

குன்றின் அடியில் குரங்குக்காரர் கார் நிழலில் பாய் விரித்து உட்கார்ந்தார். என் கணவர் காலுறைக்குமேல் காலுறை போட்டு, கால்சட்டையை அதற்குள் திணித்து, தோளில் கயிற்றைச் சுற்றிக்கொண்டார். முன்னால் குரங்கு, பிறகு அவர், கடைசியில் நான். பாதி வழியில் அவர் கழுத்தில் ஓர் அட்டை ஊர்வதைப் பார்த்தேன். சொன்னால் திரும்பிவிடுவார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே விரலால் சுண்டிவிட்டேன்.

“என்னது?”

“இலை.”

மரத்தடியில் நின்று அவர் ‘நாயிக்’ என்றார். குரங்கு மெராந்தியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த சின்ன மரத்தில் ஏறி, அங்கிருந்து ஒரு கொடியைப் பிடித்து, நாங்கள் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெராந்தியின் முதல் கிளைக்குத் தாவிவிட்டது. கயிறு அவர் கைகளில் சரசரவென்று ஓடியது.

‘அம்பில்’ என்றார். முதலில் வந்து விழுந்தது ஒரு காய்ந்த குச்சி. அடுத்தது ஏதோ ஒட்டுண்ணிச் செடி. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பைனாகுலரில் பார்த்தால், மரத்தின் மேல் படர்ந்திருந்த காட்டு அத்தியில் நிதானமாகப் பழம் தின்றுகொண்டிருந்தது.

“டீ டைம் போல” என்றார் கணவர். சலித்துக்கொள்ளவில்லை. அலுவலகத்தில் அவருக்கும் அந்த நேரம்தான்.

தின்று முடித்ததும் அதுவாகவே இன்னும் மேலே போனது. அவருக்குப் பூ தெரியவில்லை. நான் பார்த்துச் சொல்ல, அவர் மலாயில் சொல்ல, குரங்கு கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவருக்கு மலாய் தீர்ந்துவிட்டது. “இன்னும் கொஞ்சம் மேல ராஜா… அதான், அதான், அந்தப் பக்கம்” என்று தமிழிலேயே பேச ஆரம்பித்தார். அது குனிந்து ஒருமுறை பார்த்தது. குரல் பிடித்துவிட்டது போலும். மேலே இலைகள் ஆடின. ஏதோ ஒடிகிற சத்தம்.

அதே சமயம் கயிறு நின்றுவிட்டது. இழுத்தால் வரவில்லை. கிளைகளுக்கு நடுவே எங்கோ சுற்றிக்கொண்டு இறுகிவிட்டது. குரங்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துக் கத்த ஆரம்பித்தது. மலைக்குப் பின்னால் இடி உருண்டது. கீழே பாயில் உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு அது பிழைப்பு மட்டுமல்ல. வீட்டில் ஒருவன் மாதிரி. அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

“கயித்தை வெட்டிரலாங்க” என்றேன்.

“வெட்டினா தொங்கற கயிறு வேற எங்கயாவது மாட்டும். சும்மா இரு” என்றார். அப்படி ஒரு குரலை நான் அவரிடம் அதுவரை கேட்டதில்லை. கயிற்றைத் தளர விட்டார். தரையில் உட்கார்ந்தார், அட்டையைப் பற்றி எல்லாம் மறந்து, ஈர இலைமேல். அண்ணாந்து பார்த்து மெதுவாக, “பூசிங்” என்றார். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி, “பூசிங்.”

கத்தல் நின்றது. குரங்கு கிளையை ஒருமுறை சுற்றியது. தவறான திசை, இன்னும் இறுகியது. “இல்லடா, அந்தப் பக்கம். பூசிங்.” திரும்பவும் சுற்றியது. இன்னொரு சுற்று. கயிறு திடீரென்று அவர் மடியில் தொப்பென்று விழ ஆரம்பித்தது. “துருன்” என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அது கொடி வழியாக வழுக்கி வந்து அவர் தோளில் ஏறி, தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

“என்னைப் பாக்காத” என்றார். “பின்னால பாரு.”

திரும்பினேன். இரண்டு எட்டுத் தள்ளி, புதர்மேல், என் கை நீளத்துக்கு ஒரு கிளை கிடந்தது. பளபளக்கும் இலைகள், அவற்றுக்கு நடுவே கொத்துக் கொத்தாகப் பூ. இதழ் ஒவ்வொன்றும் காற்றாடி மாதிரி முறுக்கிக்கொண்டு, மஞ்சளும் வெள்ளையும் கலந்த நிறம். கயிறு சிக்குவதற்கு முன்னாலேயே குரங்கு அதை ஒடித்துப் போட்டிருந்தது. நான்தான் கவனிக்கவில்லை.

மழை பிடிப்பதற்குள் அங்கேயே செய்தித்தாளில் பரப்பினேன். என் கணவர் மேலே துணியைப் பிடித்துக்கொண்டார். நனைந்தது அவர்தான். இறங்கி வந்ததும் குரங்குக்காரர் தன் குரங்கைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தார். பிறகு என் கணவரையும் அதே மாதிரிப் பார்த்து, “இவனுக்குத்தான் நாலு அட்டை” என்றார். என் கணவர் காலைப் பார்த்தார், வெளுத்துப் போனார், ஆனால் விழவில்லை.

அந்த மரம் புது இனம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பக்கத்துக் குன்றுகளிலிருந்து பூவோடு ஒரு மாதிரி எங்களிடம் அதுவரை இருந்ததில்லை. மேலதிகாரி பூ தைத்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பறித்தவர் யார் என்று கேட்டார். நான் பெயரைச் சொன்னேன். அவர் தன்னைக் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து இரண்டு நாள் பேசவில்லை.

பூக்காலம் முடிகிற வரை வார இறுதிதோறும் குரங்கோடு காட்டுக்குப் போனோம். பிறகு குரங்குக்காரருக்கு முழங்கால் சரியாகிவிட்டது. குரங்கு முழுநேரமும் தோப்பு வேலைக்கே திரும்பியது. தீபாவளிக்கு முறுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்போம். குரங்கு இல்லாமலும் என் கணவர் காட்டுக்குள் வர ஆரம்பித்தார். கேட்டால், “தனியா எப்படிம்மா விடறது” என்பார். அதற்கு முன்னால் எத்தனையோ வருஷம் தனியாகத்தான் விட்டார்.

ஒருமுறை கேமரன் மலையில், பாசி படர்ந்த மரங்களுக்கு நடுவே நான் குனிந்து குடுவைச்செடி தேடிக்கொண்டிருந்தேன். அவர் மெத்தை மாதிரி இருந்த பாசியில் மல்லாந்து படுத்து, பைனாகுலரால் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, மேல மஞ்சளா என்னமோ பூத்திருக்கு. பெரிய பூ. ஒண்ணே ஒண்ணு.”

ஓடிவந்து பைனாகுலரை வாங்கிக்கொண்டு அவர் பக்கத்தில் படுத்தேன். அவர் கையைக் காட்ட, நான் இலை இலையாகத் தேடினேன். இருந்தது. உருண்டையாக, பளிச்சென்று, காற்றில் மெல்ல ஆடிக்கொண்டு. பைனாகுலரை இன்னும் கொஞ்சம் திருகினேன். அடியில் ஒரு நூல் தொங்கியது.

“பலூன்” என்றேன்.

அவர் என் கையிலிருந்து பைனாகுலரைப் பிடுங்கிப் பார்த்தார். சுற்றுலா வந்த யாரோ ஒரு குழந்தையின் பலூன் அவ்வளவு தூரம் பறந்து வந்து கிளையில் மாட்டியிருந்தது. “பரவால்ல, நல்லாதான் பூத்திருக்கு” என்றார். நாங்கள் எழுந்திருக்கவில்லை. மேகம் வந்து மூடுகிற வரை அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தோம்.