மச்சான் வைத்த சேவல்

என் கைபேசிக்குள் ஒரு சேவல் இருக்கிறது. வானத்தின் ஏதோ ஒரு மூலையில் காமாக் கதிர்கள் வெடித்துக் கிளம்பியதாகச் செயற்கைக்கோள் செய்தி அனுப்பினால் அது கூவும். கொழும்பில் பஸ்ஸுக்குள் கூவினால் ஆட்கள் கோழிக்கூடையைத் தேடுகிறார்கள். சத்தத்தை மாற்றச் சொல்லி என்னோடு ஆராய்ச்சி செய்பவர்கள் கெஞ்சிப் பார்த்துவிட்டார்கள். மாற்ற மாட்டேன். அதை வைத்தவர் என் அக்காவின் கணவர், மச்சான்.

சப்ரகமுவையில் றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். நான் லீவில் போனால் என்னை வம்புக்கு இழுக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு தடவை செய்தி வந்ததும் தட்டை வைத்துவிட்டு, சிக்னல் நன்றாகக் கிடைக்கும் ரோட்டு வளைவுக்கு ஓடினேன். திரும்பி வந்தால், "யாரும்மா மாப்பிள்ளை?" என்றார். நட்சத்திரம் செத்து விழும்போது கிளம்பும் வெளிச்சம் அது, கண்ணுக்குத் தெரியாது, காற்றைத் தாண்டித் தரைக்கு வராது, சில விநாடியில் முடிந்தும்விடும் என்று விளக்கினேன். செய்தி கிடைத்ததும் பூமியிலுள்ள தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்பி மிச்ச வெளிச்சத்தைத் தேடும். பல நாள், அது வெடிப்பே இல்லை, தவறு என்று அடுத்த செய்தி வரும்.

"பொய்யாப் போச்சுன்னா?"

"அடுத்ததுக்கும் திரும்பும் மச்சான்."

"வெக்கங்கெட்ட மிஷினா இருக்கே," என்று சிரித்தவர், என் கைபேசியை வாங்கிச் சேவலை ஏற்றினார்.

அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விட்டிருந்தது. அடைமழை என்றால் மண்சரிவு எச்சரிக்கை சிங்களத்தில் மெசேஜாக வரும். கீழே சர்ச் மண்டபத்துக்குப் போய், ஈரப் பாயில் கிடந்து, ஒன்றும் நடக்காமல் திரும்பித் திரும்பிச் சனங்களுக்கு அலுத்துவிட்டது. அந்த லீவில் எச்சரிக்கை வந்தபோது நானும் அங்கே இருந்தேன். "மழைக்கு மழை இதே கூத்தா?" என்று அக்கா சலித்துக்கொண்டாள். மச்சான் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக, "வெக்கங்கெட்ட மிஷின் கெளம்பிருச்சு, வாறவங்க வாங்க," என்று கத்தியபடி இறங்கினார். சிரித்தவர்களில் பாதிப் பேர் பின்னாலேயே வந்தார்கள். அன்றிலிருந்து தோட்டத்தில் அவர் பெயரே மிஷின்.

மலை விழவில்லை. இன்னும் விழவில்லை. போன வருடம் எலிக்காய்ச்சல் வந்து மச்சான் போய்விட்டார். "ஒரு பிளேன்டீ குடிச்சா சரியாயிரும்," என்று நாளைக் கடத்தியிருக்கிறார். மலைக்கு அத்தனை முறை கிளம்பிய மனிதர், தன் காய்ச்சலுக்கு ஒரு முறை கிளம்பவில்லை. லயத்துச் சனங்களுக்கு வேறு இடத்தில் வீடு தருகிறோம் என்று இழுத்தடிப்பவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு. மச்சான்மீதுள்ள கோபம் அதைவிடப் பெரியது, இன்றுவரை ஆறவில்லை.

நேற்று மத்தியானம் சப்ரகமுவையில் கடும் மழை என்றார்கள். ஆராய்ச்சிக் கூட்டத்தின் நடுவில் சேவல் கூவியது. எல்லோரும் திரையைப் பார்க்க, நான் வெளியே வந்து அக்காவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். கடைசியில் எடுத்தாள், மூச்சிரைக்க.

"மெசேஜ் வந்துச்சாக்கா?"

"இன்னும் இல்லடி. மழையப் பாத்ததுமே கெளம்பிட்டேன். மிஷின் கெளம்பிருச்சுன்னு கத்திக்கிட்டே வந்தேன்."

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க. பின்னாடி வாறாங்க."

என் காதுக்குள்ளேயே சேவல் இன்னொரு முறை கூவியது. முதலில் வந்த செய்தி தவறாம், உள்ளேயிருந்து யாரோ சொன்னார்கள். மச்சான் இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். சர்ச் மண்டபத்துக் கதவு திறக்கும் சத்தம் கேட்கும்வரை நான் கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.